லிஃப்டுக்கு நன்றி

என் மனைவி நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரி, இந்த வருஷம் ஆண்டு மலர் ஒன்று போட்டிருக்கிறது. வழவழவென்று தாள், கலர் படம். நடுப்பக்கத்தில் அவளுடைய பேட்டி. 'வெள்ளுடைத் தேவதை நன்றியோடு திரும்பிப் பார்க்கிறார்' என்று தலைப்பு. பார்த்த உடனேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேவதைக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொள்ளுமா? தேவதை காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இறுக்கமான காலுறையை முழங்கால் வரைக்கும் ஏற்றுமா? தினமும் அதை ஏற்றிவிடுகிறவன் நான். அவள் தேவதையா மனுஷியா என்று எனக்குத் தெரியாதா?

தலைப்பையாவது மன்னிக்கலாம். உள்ளே இருப்பதை எப்படி மன்னிப்பது? பக்கம் முழுக்க நன்றி. அவளைப் பெற்ற அம்மாவுக்கு நன்றி. அவளை ஆட்டிப் படைத்த தலைமை நர்ஸுக்கு நன்றி. வார்டு கூட்டின அம்மாவுக்கு, வெந்நீர் எடுத்து வைத்த கேண்டீன்காரருக்கு, என்னைப் பெற்ற அம்மாவுக்கு, வார்டு வாசலில் படுத்துக் கிடந்த பூனைக்கு. கடைசியாக ஒரு லிஃப்டுக்கு. ஆமாம், மேலும் கீழும் போகிற இரும்புப் பெட்டிக்குத்தான். 'பழைய கட்டடத்து லிஃப்ட் ஒருநாள் பாதியில் நின்றது. அதற்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறாள். அது நின்றபோது கதவை நெம்பித் திறந்து அவளை வெளியே தூக்கிவிட்டவன் ஒருத்தன் இருந்தான். பிற்பாடு அவளைக் கட்டிக்கொண்டதும் அவன்தான். அவனைப் பற்றி மலரில் மூச்சு விடவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். பெயர் வேண்டாம், 'வீட்டுக்காரர்' என்று ஒரு வார்த்தை இருக்கக் கூடாதா? பேட்டி எடுக்க வந்த பெண் மூன்று நாள் வந்தாள். மூன்று நாளும் டீ போட்டுக் கொடுத்தவன் நான். பாத்திரம் கழுவும்போதுகூடப் பேச்சுக் காதில் விழ வேண்டும் என்று குழாயைச் சன்னமாகத் திறந்து வைத்திருந்தேன். எங்கள் மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னால், பூனையிடம் பொறாமையா அப்பா என்று கேலி செய்கிறாள். பொறாமை இல்லை. நியாயம் கேட்கிறேன்.

மனதில் இருப்பதை மறைப்பானேன். எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. 'உங்களோடு நான் நல்லாத்தான் வாழ்ந்தேன்' என்று ஒரே ஒரு தடவை அவள் வாயால் கேட்க வேண்டும். போன வருஷம் நெஞ்சுவலி வந்து பிழைத்ததிலிருந்து அந்த ஆசை அதிகமாகிவிட்டது. எனக்கு எப்போது டிக்கெட் கிழியும் என்று யார் கண்டது? அவள் சொல்லுகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் அவள் கதையை நானே எழுதுகிறேன். முடிவில் அவளுக்கு ஒரு நன்றியும் சொல்லப் போகிறேன். நன்றி எப்படிச் சொல்வது என்று பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

முதலில், மலரில் உள்ள ஒரு பொய். 'சிறு வயதிலேயே சேவை செய்ய வேண்டும் என்ற தாகம்' என்று போட்டிருக்கிறார்கள். தாகமும் இல்லை, ஒன்றும் இல்லை. பசி. அப்பா இல்லாத வீட்டில் இவள் மூத்தவள், கீழே வரிசையாகத் தம்பி தங்கைகள். நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தால் விடுதியில் இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் இனாம் என்று யாரோ சொன்னார்கள். ஒரு வாய் குறைந்தால் மற்ற வாய்களுக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று அவள் அம்மா அனுப்பி வைத்தாள். இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள், சிரித்துக்கொண்டே. பேட்டி எடுத்த பெண்ணிடமும் அப்படியேதான் சொன்னாள், என் காதால் கேட்டேன். பசி என்று அச்சடிக்க மலர்க்காரர்களுக்குக் கை கூசியிருக்கிறது. தாகமாக்கிவிட்டார்கள்.

அடுத்தது அந்தத் தலைமை நர்ஸ். வார்டில் எல்லாரும் அந்த அம்மாவுக்கு வைத்த பெயர் சைரன். ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும். இன்றைக்கு உயிரோடு இல்லை, இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். நர்ஸ் உட்கார்ந்தால் வார்டு படுத்துவிடும் என்று சொல்லி, வார்டில் இருந்த நாற்காலிகளையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டவர் அவர். சாப்பாடுகூட நின்றபடிதான். இவளுடைய காலில் இன்றைக்கு நீலமாகப் புடைத்துக்கொண்டு ஓடுகிற ஒவ்வொரு நரம்பும் சைரன் போட்ட கோடு. 

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இவளைப் பெற்ற அம்மாவுக்குக் கடைசி நேரம், உடனே வா என்று தகவல் வந்தபோது இவளுக்குக் குழந்தைகள் வார்டில் டூட்டி. ஊரெல்லாம் தட்டம்மை. நர்ஸுகளில் பாதிப் பேர் அதே நோயில் படுத்துவிட்டார்கள். மாற்று ஆள் வந்த பிறகு போ என்றார் சைரன். மாற்று ஆள் வந்தபோது விடிந்துவிட்டது. இவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எடுத்துவிட்டார்கள். வெறும் கட்டிலைத்தான் பார்த்தாள். நானாக இருந்தால் அதற்குப் பிறகு சைரன் முகத்தில் முழித்திருக்க மாட்டேன். இவளோ பேட்டியில், 'அன்று என்னை நிறுத்தி வைத்ததால் ஒரு குழந்தைக்கும் மருந்து தவறவில்லை. நான் ஊருக்குப் போயிருந்தபோது என் முறை வேலையையும் அவரே நின்று பார்த்தார். அவருக்கு நன்றி' என்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த நான் டீ டம்ளரை டக்கென்று கீழே வைத்தேன்.

சரி, லிஃப்ட் கதைக்கு வருகிறேன். நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்டுகளுக்கு நான்தான் வைத்தியன். ஆஸ்பத்திரிப் பழைய கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். ஓடினேன். மேல் மாடிக் கதவை நெம்பிக் கீழே எட்டிப் பார்த்தால், ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர். தலைமாட்டில் ஒரு நர்ஸ், மருந்து பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கூட வந்த வார்டு ஆள் வெலவெலத்துப் போய் மூலையில் உட்கார்ந்துவிட்டான். நான் கையை நீட்டி, பயப்படாதீங்க என்று சொல்லப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கையெல்லாம் கிரீஸு. கழுவிட்டு வந்து நீட்டுங்க."

தொங்கிக்கொண்டு இருக்கிறவள் சொல்லுகிற பேச்சா இது? நான் முறைத்தேன். அவள் திருப்பி முறைத்தாள். சத்தியமாகப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் கதவை முழுக்கத் திறந்தேன். முதலில் பெரியவர் வெளியே வந்தார். கடைசியாகத்தான் அவள். கை மரத்துப் போய், பாட்டிலை விட முடியாமல் விரல்கள் அப்படியே மடங்கி நின்றன. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த லிஃப்டுக்கு என்னவோ அடிக்கடி பராமரிப்பு தேவைப்பட்டது. எங்கள் கம்பெனி மேனேஜருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கல்யாணம் செய்துகொள்வோமா என்று ஒருநாள் ஆஸ்பத்திரி கேட் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். பதில் சொல்ல வேண்டுமே. "பார்க்கலாம்" என்றாள். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் என்னோடு காலம் தள்ளியிருக்கிறாள். குழம்பு எப்படி இருக்கு? பார்க்கலாம். புது வீடு பிடிச்சிருக்கா? பார்க்கலாம். மகளுக்கு நல்ல மாப்பிள்ளை கிடைச்சிருக்கானே? பார்க்கலாம். மகளுக்கே குழந்தை பிறந்து அது பள்ளிக்கூடம் போகிறது, இன்னும் மாப்பிள்ளை விஷயம் பார்க்கலாமில்தான் இருக்கிறது.

இதற்கு வார்டுதான் காரணம். அங்கே ஒரு வழக்கம். இன்றைக்கு வார்டு அமைதியாக இருக்கு என்று எந்த நர்ஸும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். சொன்னால் அடுத்த நிமிஷம் மூன்று ஸ்ட்ரெச்சர் வந்து நிற்குமாம். படுக்கையில் இருக்கிறவரைப் பார்த்துத் தேறிவிட்டார் என்றும் சொல்ல மாட்டார்கள். உறவுக்காரர்கள் நன்றி என்று கும்பிட்டால், அதெல்லாம் கேட்டைத் தாண்டின பிறகு என்று கையைத் தட்டிவிடுவார்கள். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி, வெளி கேட்டைத் தாண்டி, தெருவில் கால் வைத்த பிறகுதான் நல்ல வார்த்தை, நன்றி எல்லாம். சேர்ந்த புதிதில் இவள் இதைக் கேலி செய்தாளாம். அப்போது பதினாலாம் கட்டிலில் சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனார். காய்ச்சல் விட்ட அன்று, அவனுடைய அம்மாவிடம், தேறிட்டான்மா, இனிமே பயமில்லை என்று இவள் சொல்லிவிட்டாள். அந்த அம்மா சந்தோஷம் தாங்காமல் வார்டுக்கே கொடுக்க ஒரு கூடை பழம் வாங்கப் போனாள். கூடையோடு திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். அந்தப் பழத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லையாம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அந்தக் கூடையைப் பார்த்த அன்றையிலிருந்து எதற்கும் பார்க்கலாம்தான்.

எனக்கும் வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஆஸ்பத்திரி, இது வீடு. ஆஸ்பத்திரிப் பழக்கத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து என் தலையில் கட்டினால்? தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முகத்தைப் பார்க்க மாட்டாள், முழங்கையில் ஊசி போட நரம்பு தெரிகிறதா என்று பார்ப்பாள். சிஸ்டர், என்னை ஞாபகம் இருக்கா என்று ஒரு பெரிய மனுஷர் கடைவீதியில் ஓடி வந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆறாம் கட்டில், மூலம் என்றாள். அவரோடு வந்த சம்பந்தி வீட்டார் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

நான் செய்ததையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள். ராத்திரி டூட்டி முடிந்து வந்து பகலில் தூங்குவாள். அவள் தூக்கம் கெடக் கூடாது என்று வீட்டில் இருக்கிற கதவு, ஜன்னல், அலமாரி எல்லாவற்றின் கீலுக்கும் லிஃப்ட் கிரீஸ் போட்டு வைத்தேன். காலிங் பெல் வயரைப் பிடுங்கினேன். எங்கள் மகள் சத்தம் வராமல் சிரிக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான், இன்றைக்கும் அப்படித்தான் சிரிக்கிறாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டவன் நான். முதலில் எலி வால் மாதிரி வந்தது, பிற்பாடு தெருப் பெண்கள் கற்றுக்கொண்டு போகிற அளவுக்குத் தேறினேன். விசேஷ நாட்களில் ஊரே குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும்போது, நானும் மகளும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி கேட்டில் நிற்போம். மாடி ஜன்னலில் இருந்து கையை ஆட்டுவாள். கேரியரை வார்டு கூட்டுகிற அம்மா வந்து வாங்கிக்கொண்டு போவார். அந்த அம்மாவுக்கு மலரில் நன்றி உண்டு. பாவம், நல்ல மனுஷி, போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைக் குறை சொல்லவில்லை. சமைத்தவன் யார் என்றுதான் கேட்கிறேன்.

என் அம்மா விஷயத்தை எழுத எனக்கே கூசுகிறது. ஊரான் உடம்பைத் தொடுகிறவள் என் வீட்டு அடுப்பைத் தொடக் கூடாது என்று கல்யாணத்தன்று சொன்னவள் அவள். நான் எள்ளும் கொள்ளுமாக வெடித்தேன். இவள் மட்டும் சரிங்க அத்தை என்று சொல்லிவிட்டு, அடுப்பை எனக்கு விட்டுவிட்டாள். நான் சமையல் கற்றது அப்படித்தான். கடைசியில் அதே அம்மா படுத்த படுக்கையாகி, புரளக்கூட முடியாமல் கிடந்தாள். ஊரான் உடம்பைத் தொட்ட அதே கைதான் துடைத்து, புரட்டி, பவுடர் போட்டுவிட்டது. சாகிற வரைக்கும் முதுகில் ஒரு புண் வரவில்லை. போகிறதற்கு முன்னால் அம்மா இவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு அது போதாது. வாய் திறந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இவளுக்கு அது ஏதோ பெரிய பரிசு. 'என்னை முழுசாக நம்பித் தன் உடம்பை ஒப்படைத்த மாமியாருக்கு நன்றி' என்று பேட்டியில் சொல்லியிருக்கிறாள்.

ஓய்வு பெற்ற அன்றைக்கு ஆஸ்பத்திரி என்ன கொடுத்தது தெரியுமா? ஒரு சுவர்க் கடிகாரம். வாழ்நாள் பூராவும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே ஓடினவளுக்குக் கடிகாரம். அதுவும் மெதுவாக ஓடுகிறது. நான் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். பரவாயில்லை, இனிமேல் மெதுவாகவே ஓடட்டும் என்று மாட்டி வைத்துவிட்டாள்.

போன வருஷம் மாடிப்படியில் எனக்கு நெஞ்சு அடைத்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை. என்னைச் சாய்த்து உட்கார வைத்து, மாத்திரையை வாயில் போட்டு, மணிக்கட்டைப் பிடித்தபடியே பக்கத்து வீட்டுக்காரரை ஆம்புலன்ஸுக்கு அனுப்பினாள். அதே ஆஸ்பத்திரி. இப்போது புதுக் கட்டடம். பழைய லிஃப்டைப் பிடுங்கிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, ஓசையே வராத புது லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். அதில் படுத்தபடியே போனேன். ரத்தக்குழாயில் ஒரு சின்ன ஸ்பிரிங் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்க வந்த ஒவ்வொருத்தரும் ஆள் நல்லா தேறிட்டீங்க என்றார்கள். அவள் மட்டும் கதவோரம் நின்று, பார்க்கலாம் என்றாள். வந்தவர்களுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நான் தேறியதில்கூட அவளுக்குச் சம்மதம் இல்லையா?

அன்றையிலிருந்து காலையும் சாயங்காலமும் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். முதல் நாள் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நானும் அவள் விரலைப் பிடிக்கப் போனேன். ஆட்டாதீங்க, எண்ணிக்கிட்டு இருக்கேன் என்றாள்.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டு, நேற்று சாயங்காலம் நாடி பார்க்க வந்து உட்கார்ந்தவளிடம் நேராகவே கேட்டுவிட்டேன். மலரை அவள் மடியில் போட்டேன்.

"லிஃப்டுக்கு நன்றி சொல்லத் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

அவள் உதட்டில் விரலை வைத்தாள். எண்ணிக்கை விட்டுப் போயிற்று போலிருக்கிறது. மணிக்கட்டை மறுபடி சரியாகப் பிடித்து, சுவரில் மெதுவாக ஓடுகிற அந்தக் கடிகாரத்தை நம்பாமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, முதலிலிருந்து எண்ணினாள். எண்ணி முடித்த பிறகும் கையை விடவில்லை.

"நீங்க பால் வாங்கப் போறப்பல்லாம் அந்தப் பொண்ணும் மூணு நாளா இதையேதான் கேட்டுக்கிட்டிருந்தா. வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே சிஸ்டர்னு."

"நீ என்ன சொன்னே?"

"எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, கையை உதறப் பார்த்தேன். அவள் பிடி நர்ஸ் பிடி. விடவில்லை.

"எங்கம்மா, உங்கம்மா, சைரன், கூட்டுற அம்மா, கேண்டீன்காரர், பூனை. எல்லாரும் கேட்டைத் தாண்டிட்டாங்க. அந்த லிஃப்டுகூடப் போயிடுச்சு. அவங்களைப் பத்தி எவ்வளவு நல்லதா சொன்னாலும் இனிமே ஒண்ணும் ஆகிடாது." பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். "நீங்க இன்னும் வார்டுலதானேங்க இருக்கீங்க."

என்ன பைத்தியக்காரத்தனம் இது, படித்தவள் பேசுகிற பேச்சா என்று கேட்க வாயெடுத்தேன். அவளுடைய விரல் என் மணிக்கட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. மருந்து பாட்டிலை அவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்தபோதுகூட நடுங்காத விரல். உதறப் பார்த்த கையை அப்படியே அவளிடம் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து போய் டீ போட்டாள். என் அம்மா அன்றைக்குச் சொன்னதிலிருந்து அடுப்புப் பக்கம் அவள் போனது கிடையாது. தட்டு முட்டென்று சத்தம், சர்க்கரை எங்கே என்று இரண்டு தடவை கேட்டாள். கொண்டுவந்து கொடுத்ததைக் குடித்தேன். இருமல் மருந்து தோற்றுப் போகும். எப்படி இருக்கு என்று கேட்டாள்.

"பார்க்கலாம்" என்றேன்.

சிரிக்க மாட்டாள் என்று நினைத்தேன். சத்தம் வராமல் சிரித்தாள். மகள் யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று இப்போதுதான் தெரிகிறது.

இதன் முடிவில் அவளுக்கு ஒரு நன்றி சொல்வதாக ஆரம்பத்தில் வீறாப்பாக எழுதியிருந்தேன். அந்த வரியை எழுதப் போவதில்லை. மலர்க்காரர்கள் வந்து கேட்டாலும் எழுத மாட்டேன். பக்கத்து அறையில் அவள் காலுறையைக் கழற்ற முடியாமல் முனகிக்கொண்டிருக்கிறாள், எனக்கு வேலை இருக்கிறது.